எடுக்காதே, அடிக்கட்டும்

ஜூன் 3

அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். கை கால் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறது. போன்தான் வந்த அன்றே படுத்துவிட்டது.

விமானம் இறங்கியதும் போனைப் போட்டேன். நீங்கள் எல்லோரும் தூங்கியிருப்பீர்கள், விடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று அதைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்தேன். நான் தூங்கினேன், அது தூங்கவில்லை. இந்த ஊர் டவரைப் பிடித்துக்கொண்டு இன்டர்நெட்டில் எதையோ தன்பாட்டுக்கு இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. காலையில் பார்த்தால் மாமா ஆசை ஆசையாகப் போட்டுவிட்ட ரீசார்ஜ் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு ஹலோகூடச் சொல்லவில்லை அக்கா.

என் அறையில் இன்னொரு பெண் இருக்கிறாள். எங்கள் லென்ஸ் கம்பெனியிலேயே பூச்சு போடுகிற பிரிவு. பல நாடு பார்த்தவள், பவுடர் டப்பா நிறைய பழைய சிம் கார்டு வைத்திருக்கிறாள். அவளுக்கு சிம் ராணி என்று பெயர் வைத்துவிட்டேன். என் கதையைக் கேட்டுச் சிரித்தாள். "ஏறும்போதே டேட்டா ரோமிங்கை அணைச்சிருக்கணும். யாரும் சொல்லலியா உனக்கு?" என்றாள். எனக்கு யார் சொல்வது, நம் வீட்டில் கடல் தாண்டிய முதல் ஆளே நான்தானே.

அவள் சொல்லிக் கொடுத்தது இதுதான். இந்த ஊர் சிம் வாங்கிப் போட்டால் தொல்லை தீர்ந்தது. ஆனால் அதற்கு இந்த ஊர் அடையாள அட்டை வேண்டும், அது வர இரண்டு மூன்று மாதம் ஆகுமாம். அதுவரை நம் ஊர் எண்தான். நான் கூப்பிட்டால் அநியாயக் காசு. நீங்கள் கூப்பிட்டு நான் எடுத்தாலும் என்னிடம் பிடுங்குவான். மெசேஜ் வந்தால் இலவசம், அனுப்பினால் காசு. எடுக்காத மணிக்கு மட்டும் எந்தப் பக்கமும் காசு கிடையாது. ஆக, இவ்வளவு தூரம் பறந்து வந்து அப்பா போட்ட சட்டத்திலேயே வந்து நிற்கிறேன். மிஸ்டு கால் வந்தால் "எடுக்காதே, அடிக்கட்டும்" என்று குளியலறையிலிருந்துகூடக் கத்துவாரே, அதே சட்டம்.

கேன்டீனுக்கு எதிரே ஒரு நூலகம், அங்கே இன்டர்நெட் சும்மா கிடைக்கிறது. சும்மா கிடைத்து என்ன செய்ய, வீட்டில் இருப்பது அப்பாவின் பட்டன் போன் ஒன்றுதான். அதனால் தினமும் காலையில் ஒரு மணி அடித்து வைத்துவிடு. ஒரு மணி என்றால் வீட்டில் எல்லோரும் நலம். இரண்டு என்றால் கடிதம் வந்தது. மற்றதை எழுதிக்கொள்வோம். வாரம் ஒரு முறை இங்கிருந்து நம் ஊர்க் கிளைக்கு லென்ஸ் பெட்டி போகிறது, அனுப்புகிற பிரிவு குமாஸ்தா கடிதத்தை உள்ளே செருகிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். நீ எழுதியதைக் கிளை வாட்ச்மேனிடம் கொடுத்தால் போதும்.

அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். "போகாதே" என்று ஒரே ஒரு முறை சொன்னார். "போவேன்" என்றேன். அதோடு சரி. டாக்சி வாசலில் நிற்கும்போதுகூட உள்ளே உட்கார்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். நானும் அவர் பெண்தானே, நானும் போய்ச் சொல்லிக்கொள்ளவில்லை.

தங்கை


ஜூன் 12

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை வாட்ச்மேன் கையில் பிடித்தபடி, "உங்க தங்கச்சி கண்ணாடிப் பெட்டிக்குள்ள உக்காந்து வந்திருக்காங்க" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், வீட்டில் கால் வைக்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் தைக்க வந்த சீருடைத் துணி. உன் மாமா அலுவலகம் விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு பட்டன் தைக்க உட்கார்ந்துவிடுகிறார். ஒரு சட்டைக்குப் பட்டன் எல்லாம் உள்பக்கமாகத் தைத்துவைத்தார். அந்தப் பிள்ளை சட்டையைத் திருப்பித்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

உன் கடிதத்தை அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவரைப் பற்றி எழுதிய கடைசிப் பகுதியையும் படித்துவிட்டேன், வேண்டுமென்றேதான். ஒன்றும் சொல்லவில்லை. எடை மேடையில் உட்கார்ந்து காலம் பூராவும் லாரிக்காரர்களிடம் எடை எண்ணைத் தவிர வேறு எதுவும் சொல்லிப் பழகாத மனுஷன், புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறார். ஆனால் மறுநாள் காலை நான் போனைத் தேடினால் அது அவர் கையில் இருக்கிறது. பல் தேய்த்ததும் உன் எண்ணை அழுத்துகிறார். ஒரு மணி அடித்ததும் பட்டென்று நிறுத்துகிறார். நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருக்கிறார். எனக்கு உன் மேல் பொறாமையாக இருந்தது.

ஆகவே தினமும் உனக்கு அடிப்பது நான் இல்லை. தெரிந்துகொள்.

இன்னொன்று. அவர் தொண்டை இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. நீ கிளம்பும் முன்பே கரகரத்தது, நாம் சளி என்று விட்டோம். தெரு டாக்டர் மருந்து ஒரு பாட்டில் முடிந்தது, பிரயோஜனம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். உன்னோடு பேசாமல் இருந்ததில் பாதி கோபம், பாதி தொண்டை என்று இப்போது தோன்றுகிறது. நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூன் 20

அக்காவுக்கு,

அடிப்பது அப்பா என்று நீ எழுதாமலே இருந்திருக்கலாம். இப்போது மணி அடித்தால் கை பரபரக்கிறது.

நான் உட்காருவது ஒரு இருட்டறை. மேசை மேல் ஒரே ஒரு விளக்கு, அதன் கீழே லென்ஸைச் சாய்த்துச் சாய்த்துக் கீறல் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கீறலெல்லாம் தெரிகிற வரை விடமாட்டார்கள். தேநீருக்கு விடும்போது எல்லோரும் கேன்டீனுக்கு ஓடுவார்கள், நான் மாடிப்படி ஜன்னலுக்கு ஓடுவேன். அங்கேதான் டவர் கிடைக்கிறது. போன் ஒரு தடவை நடுங்கி அடங்கும். பச்சைப் பொத்தான் என் கட்டை விரலுக்குக் கீழேயே இருக்கும். எடுத்தால் திட்டுவார் என்று எடுப்பதில்லை. "அப்பா வந்துட்டுப் போயிட்டாரா?" என்று சிம் ராணி கேட்பாள்.

ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள்? கடிதத்துக்குக் காத்திருக்காதே, மெசேஜ் அனுப்பு. வருவது இலவசம்தான். தமிழில் அனுப்பினால் என் போனில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, இங்கிலீஷ் எழுத்தில் போடு.

தங்கை


ஜூலை 1

சின்னவளுக்கு,

மெசேஜில் "நல்ல சேதி இல்லை, கடிதம் பார்" என்று மட்டும் போட்டேன். மிச்சத்தை அந்தச் சின்னப் பெட்டிக்குள் எப்படி அடைப்பது என்று தெரியவில்லை.

குரல்வளையில் கட்டி. சதை எடுத்துப் பரிசோதித்தார்கள், கெட்ட கட்டிதான். கதிர்வீச்சு கொடுத்துப் பார்க்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். குரல்வளையையே எடுத்துவிட வேண்டுமாம். "உயிருக்குப் பயப்பட வேண்டாம். ஆனா அதுக்கப்புறம் பேச்சு வராது" என்றார். கழுத்தில் ஒரு ஓட்டை போட்டு அது வழியாக மூச்சு விடுவாராம். நான் டாக்டரம்மா முகத்தைப் பார்த்தேனே தவிர அப்பா பக்கம் திரும்பவில்லை. அவர் "சரி" என்றார். "எப்போ?" என்று கேட்டார். ஜூலை 29.

திரும்பும்போது பஸ்ஸில் நான் பையைத் துழாவிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரே கண்டக்டரிடம் "ரெண்டு" என்றார். அந்தக் கட்டைக் குரலில் எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவு சத்தமாகச் சொன்னார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீ வா. லென்ஸில் கீறல் பார்க்க அவர்களுக்கு ஆயிரம் பேர் கிடைப்பார்கள். இருபத்தொன்பதாம் தேதிக்கு முன்னால் ஒரு நாள் வந்து அவர் எதிரே உட்கார். அவர் திட்டினாலும் சரி, அந்தத் திட்டையாவது வாங்கிக்கொண்டு போ. வராவிட்டால் பிறகு என்னைக் குறை சொல்லாதே.

அக்கா


ஜூலை 8

அக்காவுக்கு,

நீ கோபமாக எழுதியதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஆனால் வர முடியாது.

சூப்பர்வைசரிடம் போனேன், அவர் மேலாளரிடம் கூட்டிப் போனார். அடையாள அட்டை கைக்கு வராமல் நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பம் செத்துவிடுமாம், திரும்ப உள்ளே விடமாட்டார்களாம். வேலையும் அதோடு போய்விடும். மேலாளர் கெட்டவர் இல்லை, தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துத்தான் சொன்னார். நான் இப்போது வேலையை விட்டுவிட்டு வந்தால் அப்பாவின் கழுத்துக்கு மருந்து எங்கிருந்து வரும், நீயும் மாமாவும் பட்டன் தைத்தா? யோசித்துப் பார்த்தால் எல்லாப் பக்கமும் சுவராக இருக்கிறது.

அன்று சாயங்காலமே காசைப் பார்க்காமல் கூப்பிட்டேன். உனக்குத் தெரியுமோ தெரியாதோ, அப்பாதான் எடுத்தார். "நான்தாம்ப்பா" என்றேன். "எங்கேருந்து பேசுற?" என்றார். இங்கிருந்துதான் என்றேன். "காசு ஓடுது, வை" என்று வைத்துவிட்டார். மறுபடி போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து அது அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்திருப்பார். அவரோடு பேச வேண்டும் என்றால் முதலில் அந்தக் காசை எங்காவது ஒளித்துவைக்க வேண்டும்.

அதனால் ஒரு யோசனை. முக்குக் கடை பக்கத்தில் பிரவுசிங் சென்டர் இருக்கிறதே, அங்கே கேமரா உண்டு. பத்தொன்பதாம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்கு அப்பாவைக் கூட்டிப் போ. நான் நூலகத்தில் உட்கார்ந்திருப்பேன். நிமிஷத்துக்குக் காசு இல்லை, மணிக்கு இவ்வளவு என்று மொத்தமாகத்தான் என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிடு. சிம் ராணிதான் எல்லாம் செட் செய்து தருகிறாள். அவளும் கூட உட்காரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அதுவும் சரிப்படாவிட்டால் இருக்கட்டும் என்று போனில் கொஞ்சம் பணம் போட்டு வைத்திருக்கிறேன். அதை வேறு எதற்கும் தொடமாட்டேன்.

தங்கை


ஜூலை 20

சின்னவளுக்கு,

நேற்று அங்கே உனக்கு என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. இங்கே நடந்ததை எழுதுகிறேன்.

அப்பா காலையிலேயே குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிரவுசிங் சென்டர் படியில் நின்று நின்றுதான் ஏறினார். கடைக்காரரிடம் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு நிமிஷக் கணக்கா?" அவர், "இல்லங்கய்யா, ஒரு மணி நேரம் உங்களுதுதான், நிதானமா பேசுங்க" என்றார். அப்பா முகம் தெளிந்தது. காதில் அந்த ஹெட்போன் வளையத்தை மாட்டிக்கொண்டு தொண்டையைச் செருமினார். இரண்டு முறை செருமினார். ஏதோ சொல்ல வைத்திருந்தார், அது மட்டும் நிச்சயம். எனக்கு அந்த முகம் தெரியும்.

நீ திரையில் வந்தாய், சிரித்தாய், வாயைத் திறந்தாய், அதோடு நின்றுவிட்டாய். கண் பாதி மூடி, வாய் பாதி திறந்து, அப்படியே. கடைக்காரர் ஒயரைப் பிடுங்கிச் செருகினார், மேசைக்கு அடியில் போய் ஊதினார், யாருக்கோ போன் போட்டார். இந்தத் தெரு முழுக்கவே லைன் போய்விட்டதாம். அப்பா உன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இளைச்சுட்டா" என்றார். போகலாம் என்றேன். "ஒரு மணி நேரம் நம்மளுதுதானே" என்று அந்த ஒரு மணி நேரமும் உட்கார்ந்தே இருந்தார். நீ அசையவே இல்லை.

வரும் வழியில், "இன்னொரு நாள் வரலாம்ப்பா" என்றேன். "பார்க்கலாம்" என்றார். நாளை மறுநாள் ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லிவிட்டார்கள், ஏதேதோ பரிசோதனை இருக்கிறதாம். அங்கிருந்து எங்கே வருவது? உன்னைக் கூப்பிட்டுக் கொடுக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "அவ காசை அவ வச்சுக்கட்டும்" என்கிறார். கோபமா பாசமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவரிடம் அது இரண்டும் ஒரே சட்டைதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் ஒரு மணி வழக்கம் போல வரும். இருபத்தொன்பதாம் தேதி காலை முதல் ஆளாக உள்ளே எடுக்கிறார்கள், மதியத்துக்குள் முடிந்துவிடும் என்கிறார்கள். நல்லபடியாக வெளியே வந்ததும் மணியை நிறுத்தாமல் முழுக்க அடிக்க விடுவேன். அதுதான் நல்ல சேதி. எடுக்காதே, நான் அங்கே பத்துப் பேருக்கு நடுவில் ஓடிக்கொண்டிருப்பேன், என்னால் பேசவும் முடியாது. வேறு மாதிரி ஆனால் மெசேஜ் வரும். வராது. தைரியமாக இரு.

அக்கா


ஜூலை 29

என் அக்காவுக்கு,

வந்துவிட்டது. முழுக்க அடித்தது.

காலையிலிருந்து எனக்கு ஒரு லென்ஸும் கண்ணில் படவில்லை. எல்லாக் கண்ணாடியும் ஒரே புகையாக இருந்தது. சூப்பர்வைசரே, "போ, ஜன்னல்கிட்ட போய் நில்லு" என்று அனுப்பிவிட்டார். உங்கள் மதியம் ஆகிற நேரம், இங்கே மாலைத் தேநீர். போன் கையில் நடுங்கியது. ஒன்று அடித்தது, நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது அக்கா. நான் போனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சிரித்தேன், அழுதேன், எல்லாம் செய்தேன். சிம் ராணி படியில் நின்று, "எடுக்காத, எடுக்காத, அடிக்கட்டும்" என்று குதித்தாள். தானே அடங்கியது. அடுத்த நிமிஷமே மறுபடி முழுக்க அடித்தாய் பார், அங்கேதான் நீ மாட்டிக்கொண்டாய். நல்ல சேதிக்கு ஒரு தடவை போதாதா? உனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, எனக்குத் தெரியும்.

பிரிவு முழுக்கத் தேநீரும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். யாருக்கும் யார் அப்பா என்ன என்று தெரியாது, இருந்தாலும் எல்லோரும் வந்து கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

குரல் போனால் போகட்டும். அட்டை வந்ததும் வருவேன். அவர் எதிரே உட்கார்ந்து இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிக்கொள்கிறேன். அவரிடம் சொல், இனி என்னைத் திட்டவே முடியாது என்று. இல்லை, இதைச் சொல்லாதே. நெற்றியில் கை வைத்துவிட்டு வா, அது போதும்.

தங்கை


ஜூலை 30

சின்னவளுக்கு,

அப்பா பிழைத்துக்கொண்டார். முதலில் அதை எழுதிவிடுகிறேன். நேற்று சாயங்காலம் உனக்கு மணி முழுக்க அடித்தேனே, வந்திருக்கும். கழுத்தில் கட்டும் குழாயுமாகப் படுத்திருக்கிறார். கண் திறந்தார், என்னைத் தெரிகிறது. பேச முடியாது என்பதால் ஒரு சிலேட்டு கொடுத்திருக்கிறார்கள், இன்னும் கையில் தெம்பு வரவில்லை.

இப்போது எழுதப் போவதை எழுத வேண்டுமா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். உன் மாமா வேண்டாம் என்கிறார். எனக்கு நெஞ்சில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

சொன்ன மாதிரி காலையில் உள்ளே எடுக்கவில்லை. விபத்தில் அடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்துவிட்டார்கள், தியேட்டரை அவருக்குக் கொடுத்துவிட்டு அப்பாவை மதியத்துக்குத் தள்ளினார்கள். அப்பா பச்சை அங்கி போட்டுக்கொண்டு காலையிலிருந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மதியம் நான் கீழே மருந்துக் கடை வரிசையில் நின்றேன். உன் மாமா கையெழுத்துப் போட ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குப் போயிருந்தார். அந்த நேரத்தில் அப்பா தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்திருக்கிறார்.

பக்கத்துக் கட்டில்காரர் மனைவி நேற்று ராத்திரிதான் சொன்னார். காலையில் மணி அடிப்பதை அந்த அம்மா தினமும் பார்த்திருக்கிறார், அதனால் "என்னங்கய்யா, சின்னப் பொண்ணுக்கு மிஸ்டு காலா?" என்று கேட்டிருக்கிறார். அப்பா, "இல்லம்மா. இது பேசுறதுக்கு" என்றாராம். காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். நின்றதும் மறுபடி போட்டாராம். அதற்குள் தள்ளுவண்டி வந்துவிட்டது. "வேலையில இருப்பா" என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் மருந்தோடு மேலே வந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

முழுக்க அடித்தால் எடுக்காதே என்று உனக்கு எழுதியதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. நீ அந்த நேரம் இருட்டறைக்குள் இருந்திருப்பாய், போன் உன் கையில் இருந்திருக்காது என்று நானே சொல்லிக்கொள்கிறேன். அப்படித்தானே?

அக்கா


ஆகஸ்ட் 8

அக்காவுக்கு,

என் கடிதம் இதற்குள் உன் கைக்கு வந்திருக்கும். பன் வாங்கிக் கொடுத்த கடிதம்.

போன் என் கையில்தான் இருந்தது. இரண்டு கையிலும் இருந்தது. அவர் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்த நேரம் முழுக்க நான் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நீ அடித்தபோது, பார் இவளை, இன்னும் ஆசை தீரவில்லை என்று நினைத்தேன். எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்கூட வரவில்லை. இத்தனை நாளாகக் கீறல் பார்க்கக் கற்றுக்கொண்டு என்ன கண்டேன்.

எடுக்கலாம் என்று போட்டுவைத்த பணம் அப்படியே இருக்கிறது. சிம் ராணி என்னோடு சரியாகப் பேசுவதில்லை, "நான்தான் எடுக்காதேன்னு சொன்னேன்" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். அவளை நான் என்ன சொல்வது, உன்னை என்ன சொல்வது, அப்பாவைத்தான் என்ன சொல்வது? யார் மேலாவது கோபப்பட முடிந்தால் நன்றாக இருக்கும். தேடிப் பார்த்துவிட்டேன். யாரும் கிடைக்கவில்லை.

அவரிடம் உண்மையைச் சொல்லாதே. போன் பூட்டிய அலமாரிக்குள் இருந்தது, வேலை நேரத்தில் எடுக்க விடமாட்டார்கள் என்று சொல். பார்த்துக்கொண்டே எடுக்காமல் இருந்தேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாம்.

கையில் தெம்பு வந்ததும் அந்தச் சிலேட்டைக் கொடுத்துக் கேள். என்ன சொல்லக் கூப்பிட்டார் என்று மட்டும் கேள். அவர் எழுதியதை எழுத்துக்கு எழுத்து எனக்கு எழுது. திட்டாக இருந்தாலும் குறைக்காதே. "நல்லா இரு" என்று ஒன்றே ஒன்றுதான் என்றாலும் அதை அப்படியே எழுது, நீ சேர்த்து எதுவும் எழுதிவிடாதே. நீ சேர்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

தங்கை


ஆகஸ்ட் 17

சின்னவளுக்கு,

அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்து நான்கு நாள் ஆகிறது. மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி போகிறது. கழுத்து ஓட்டையைச் சுத்தம் செய்ய எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், இப்போது பழகிவிட்டது. ஏதாவது வேண்டும் என்றால் கட்டில் சட்டத்தைத் தட்டுகிறார். தையல் மெஷின் ஓடினால் காதில் விழாது என்று மெஷினை அவர் அறைக்கே தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

நீ சொல்லச் சொன்ன பொய்யைச் சொன்னேன். பூட்டிய அலமாரி, வேலை நேரம், எல்லாம். கேட்டுக்கொண்டு தலையசைத்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. சிலேட்டை வாங்கி, "நல்லது. எடுத்திருந்தா காசு" என்று எழுதினார். அதற்கு மேல் எழுதவில்லை.

நேற்று நீ கேட்டதைக் கேட்டேன். "அன்னிக்கு அவகிட்ட என்னப்பா சொல்ல இருந்தீங்க? எழுதுங்க, நான் அப்படியே அவளுக்கு எழுதிடறேன்" என்றேன். சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எழுத ஆரம்பித்தார். பக்கம் கொள்ளும் அளவுக்கு எழுதினார் என்று நினைக்கிறேன், சிலேட்டை என் பக்கம் சாய்க்கவில்லை. நான் மெஷினில் ஏதோ வேலை இருக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது உள்ளங்கையால் எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா?" என்றேன்.

சிலேட்டில் பெரிதாக இப்படி எழுதினார். நீ கேட்ட மாதிரி எழுத்துக்கு எழுத்து எழுதுகிறேன், நான் எதுவும் சேர்க்கவில்லை.

"அதெல்லாம் எழுதுற விஷயம் இல்ல. அவ வரட்டும், நேர்ல சொல்லிக்கிறேன்."

என்னிடம் நீட்டினார். நீட்டிய பிறகுதான் அவர் கண்ணிலும் அந்தக் கடைசி வார்த்தை பட்டது. கை அப்படியே நின்றது. நான் படித்தேன், சரிப்பா என்றேன். அவர் சிலேட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். துடைக்கவில்லை. கஞ்சி கொடுக்கும் நேரமாகிவிட்டது, எழுந்து போனேன்.

அக்கா